எனக்காக மைனி நடந்த நடை

ஆகஸ்ட் 13, செவ்வாய்

நாளைக் காலை எனக்குக் கர்ப்பப்பை எடுக்கும் ஆபரேஷன். ‘ஆடியில் யாராவது கத்தி வைப்பார்களா?’ என்று கேட்காத சொந்தம் இல்லை. வயிற்றுக்குள் இருக்கிற கட்டிக்கு ஆடியும் தெரியாது, ஆவணியும் தெரியாது என்று சொல்லிப் பார்த்தேன். கேட்டவர்கள் எல்லாரும் ஆரஞ்சுப் பழத்தோடு வந்ததால் அதற்கு மேல் சண்டை பிடிக்கவில்லை.

கூட இருக்கப்போவது பிரம்மசக்தி மைனி. என் வீட்டுக்காரருக்குத் தங்கை. ஆனால் வயதில் என்னைவிட மூத்தவள். அண்ணன் பெண்டாட்டி என்பதால் அவளுக்கு நான் மைனி. மூத்தவள் என்பதால் எனக்கு அவள் மைனி. இந்த மரியாதை குறையாமலேயே இருபத்தெட்டு வருஷமாகச் சண்டை போடுகிறோம்.

சாயங்காலம் ஓர் இளம் டாக்டர் வந்து கேள்வி மேல் கேள்வி கேட்டாள். எடையைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். காலில் சுருண்டிருக்கும் நரம்புகளை அழுத்திப் பார்த்தாள். என்ன வேலை என்றாள். பாளையங்கோட்டையில் பத்திரம் எழுதுகிறேன், காலையில் நாற்காலியில் உட்கார்ந்தால் சாயங்காலம்தான் எழுந்திருப்பேன் என்றேன். “குடும்பத்துல யாருக்காவது கால்ல ரத்தம் உறைஞ்சு கட்டியிருக்காம்மா?” என்று கேட்டாள். இல்லை என்றேன். என் தம்பியைப் பெற்ற பத்தாம் நாள் அம்மா செத்துப்போனது கண்ணேறு பட்டு என்றுதான் எங்கள் வீட்டில் சொல்வார்கள். கண்ணேறு ரத்தத்தில் சேராது.

நகையையெல்லாம் கழற்றச் சொன்னார்கள். கால் கொலுசை மைனிதான் கழற்றினாள். “பேரன் பேத்தி எடுக்குற வயசுல சலங்கை கட்டி ஆடுதாவ” என்று சொல்லிக்கொண்டே சேலை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

ஆகஸ்ட் 15, வியாழன்

உயிரோடு இருக்கிறேன். கையெழுத்துதான் செத்துவிட்டது.

ஆகஸ்ட் 16, வெள்ளி

ஜெபராணி சிஸ்டர் என்று ஒருத்தி. குரல் சின்னது, அதிகாரம் பெரியது. தொடைவரை ஏறும் இறுக்கமான வெள்ளைக் காலுறை இரண்டைக் கொண்டுவந்து எனக்கு மாட்டினாள். மெத்தைக்குத் தலையணை உறையைப் போடுகிற பாடு. முடிவில் இரண்டு பேருக்கும் வேர்த்துவிட்டது.

“படுத்தே கெடந்தா கால்ல ரத்தம் தேங்கி உறைஞ்சிரும்மா. இத கழட்டாதீங்க. தண்ணி நெறைய குடிங்க. காலையிலயும் சாயங்காலமும் வராந்தாத் தூண் வரைக்கும் நடங்க” என்றாள்.

வயிற்றைக் கிழித்துத் தைத்து இரண்டே நாள் ஆனவளை நடக்கச் சொல்கிறாள்! கட்டிலைவிட்டு ஒரு காலைக் கீழே வைத்தேன். தையல் இழுத்த இழுப்பில் கண்ணில் நீர் வந்துவிட்டது. மைனிக்குப் பொறுக்கவில்லை. சிஸ்டர் தலை மறைந்ததும் என்னைத் தூக்கித் திரும்பப் படுக்க வைத்தாள்.

“எம் மக கோமதிக்கு அம்மை போட்டப்ப அவளா கோயில சுத்துனா? அவளுக்காக நான்லா அடிப்பிரதட்சணம் சுத்துனேன். எறங்கிட்டுல்லா? உங்களுக்காக இந்த வராந்தாவச் சுத்துறதுக்கு எனக்கென்ன வலிக்கா?”

சொன்னவள் செருப்பைக் கழற்றிவிட்டு, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு கிளம்பிவிட்டாள். அடி மேல் அடி வைத்துத் தூண்வரை போய், தூணைத் தொட்டுக் கும்பிட்டுத் திரும்பினாள். கதவு வழியாக எனக்கு நன்றாகத் தெரிந்தது. சிரித்தால் தையல் வலிக்கும் என்று வாயில் துண்டை வைத்துக்கொண்டேன்.

சிஸ்டர் வந்து, “நடை முடிஞ்சிட்டாம்மா?” என்றாள்.

“முடிஞ்சிட்டு சிஸ்டர்” என்றேன். யார் நடந்தது என்று அவள் கேட்கவில்லை. கேட்காததைச் சொல்வது பத்திரம் எழுதுகிறவள் வழக்கமில்லை.

ஆகஸ்ட் 17, சனி

ஆவணி பிறந்துவிட்டது. மைனி நடக்கிறாள், நான் படுத்திருக்கிறேன். எழுந்தால் வலி, பாத்ரூம் போனால் வலி. அதனால் தண்ணீரைக் குறைத்துக்கொண்டேன். இரண்டு மடக்குதான். உள்ளே போனால்தானே வெளியே வரும்.

இன்றைக்கு ஒரு கூத்து. மைனி பயபக்தியாகத் தொட்டுக் கும்பிடுவதைப் பார்த்து, யாரோ அந்தத் தூணில் மஞ்சள் தடவிக் குங்குமம் வைத்துவிட்டார்கள். சாயங்காலத்துக்குள் பக்கத்து அறைகளில் துணைக்கு இருக்கும் பெண்கள் நாலைந்து பேர் சுற்ற ஆரம்பித்துவிட்டார்கள். ஜெபராணி சிஸ்டர் பஞ்சில் ஸ்பிரிட்டை நனைத்துத் தூணைத் துடைத்துக்கொண்டே, “இங்க எந்த சாமிம்மா இருக்கு?” என்று எல்லாரையும் கேட்டாள். மைனி என் போர்வையை மடிப்பதில் மும்முரமாக இருந்தாள்.

இருபத்தைந்தாம் தேதி ஞாயிற்றுக்கிழமை அம்பாசமுத்திரத்தில் கோமதிக்கு வளைகாப்பு. மைனிக்கு ஒரே மகள். இருபத்தொன்றாம் தேதி என்னை வீட்டுக்கு விடுவதாகப் பேச்சு. தாய்மாமன் பெண்டாட்டி நான்தான் முதல் வளையல் போட வேண்டும். மைனியின் வீட்டுக்காரர் தவறி ஆறு வருஷமாகிறது. அவளுடைய ஓரகத்தி, அந்தக் கடையம் ஊர்க்காரி, போன வருஷம் கோமதி கல்யாணத்தில், “தாலியில்லாதவ முன்னால நிக்கக் கூடாது” என்று எல்லார் காதிலும் விழச் சொன்னாள். மறுபேச்சு பேசாமல் மைனி சமையல் கட்டுக்குப் போய்விட்டாள். மகள் கழுத்தில் தாலி ஏறியதை அவள் பார்க்கவில்லை, கெட்டிமேளம் கேட்டாள். இந்தத் தடவை நான் போய் நின்றால், மைனியை என் பக்கத்திலேயே நிறுத்திக்கொள்வேன். என்னைத் தாண்டி அந்தக் கடையத்துக்காரி வரட்டும், பார்ப்போம்.

நான் போவது அதற்காக இல்லை. பச்சைப் பட்டுக்கு ரவிக்கை தைத்து வைத்திருக்கிறேன். அது வீணாகிவிடும்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

காலுறை அரித்தது, கழற்றிவிட்டேன். வந்து குவிந்த ஆரஞ்சுப் பழங்களை மைனி அதில் போட்டு ஜன்னல் கம்பியில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறாள். நன்றாக விரிந்து கொடுக்கிறது.

ஆகஸ்ட் 19, திங்கள்

இடது கெண்டைக்காலில் நரம்பு பிடித்த மாதிரி ஒரு வலி. படுத்துப் படுத்தே வந்ததாக இருக்கும். மைனி வீட்டிலிருந்து கொண்டுவந்த தைலத்தைப் போட்டு நீவிவிட்டாள். அவள் கை இரும்பு. முதலில் இதமாக இருந்தது. பிறகு வலி கூடிவிட்டது. அதை அவளிடம் சொல்லவில்லை, சொன்னால் இன்னும் அழுத்தி நீவுவாள்.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

நாளைக்கு வீடு. மைனி காலையிலேயே மூட்டை கட்ட ஆரம்பித்துவிட்டாள். பிறகு முந்தானை முடிச்சை அவிழ்த்து, “காலக் காட்டுங்க” என்று கொலுசை எடுத்தாள்.

வலது காலில் சட்டென்று மாட்டியது. இடது காலில் கொக்கி வளையத்துக்கு எட்டவில்லை. ஒரு விரற்கடை இடைவெளி. இழுத்துப் பார்த்தாள், பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்துப் பார்த்தாள்.

“ஆரஞ்சு முழுக்க ஒரே காலுக்குப் போயிட்டு போலுக்கு” என்றாள்.

“கொலுசு சுருங்கியிருக்கும்” என்றேன்.

“வெள்ளி சுருங்குமா மைனி?”

அதோடு அவள் சிரிப்பு நின்றுவிட்டது. இரண்டு காலையும் சேர்த்து வைத்துப் பார்த்தாள். கெண்டைக்காலில் புறங்கையை வைத்தாள். “சுடுது மைனி. நெறமும் மாறியிருக்கு. நான் சிஸ்டரக் கூப்பிடுதேன்” என்று எழுந்தாள்.

நான் அவள் கையை எட்டிப் பிடித்தேன். இப்போது கூப்பிட்டால் அது இது என்று சொல்லி இன்னும் ஒரு வாரம் இங்கேயே போட்டுவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை என்ன ஆவது? அப்படியே அவள் கையை இழுத்து என் தலைமேல் வைத்துக்கொண்டேன். வாசகத்தை நானே சொல்லிக் கொடுத்தேன். கால் வீங்கியிருப்பதைப் பற்றி வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன், இது மைனி தலைமேல் சத்தியம்.

“இது நல்லாயில்ல மைனி” என்றாள். ஆனாலும் சொன்னாள். சத்தியத்தை மீறினால் தலைக்குரியவருக்கு ஆகாது என்று நம்புகிறவள் அவள். அது தெரிந்துதான் நானும் கேட்டேன்.

கால் விண்விண் என்று தெறிக்கிறது. வீட்டுக்குப் போனால் சரியாகிவிடும்.

ஆகஸ்ட் 21, புதன்

ஆபரேஷன் செய்த டாக்டர் ரஹ்மத் நிஷா காலையில் வந்தார். தையலைப் பார்த்தார், நன்றாக ஆறியிருக்கிறது, வீட்டுக்குப் போகலாம் என்றார். நான் கும்பிட்டேன். கதவுப் பக்கம் திரும்பிவிட்டார்.

அப்போது மைனி வந்து கட்டில் காலடியில் நின்றாள். வாயைத் திறக்கவில்லை. உதட்டை உள்ளே மடித்துக் கடித்துக்கொண்டு, என் போர்வையை முழங்கால்வரை ஒரே இழுப்பாக இழுத்துவிட்டாள். வலது காலில் கொலுசு. இடது கால் மொட்டை. கையில் இருந்த இன்னொரு கொலுசைக் கோயில் மணி மாதிரி ஆட்டினாள். டாக்டர் திரும்பினார். மைனி குனிந்து கொலுசை என் இடது காலைச் சுற்றி வைத்து, கொக்கி எட்டாத அந்த இடைவெளியை விரலால் காட்டினாள். பிறகு நிமிர்ந்து டாக்டரையே பார்த்துக்கொண்டு நின்றாள். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. சத்தம் மட்டும் இல்லை.

ஊருக்கெல்லாம் ஓட்டை இல்லாமல் பத்திரம் எழுதிக் கொடுக்கிற நான், சத்தியத்தில் ‘வாயைத் திறந்து’ என்று சேர்த்து என் தலையிலேயே ஓட்டை வைத்திருக்கிறேன்.

டாக்டர் இஞ்ச் டேப்பால் இரண்டு கெண்டைக்காலையும் அளந்தார். இடதில் மூன்று சென்டிமீட்டர் கூட இருந்தது. அழுத்தினார்; கத்திவிட்டேன். “என்ன வாசன? தைலமா? யார் நீவிவிட்டது?” என்று கேட்டார். மைனி கையைத் தூக்கினாள். “இனிமே தொடவே கூடாது” என்று டாக்டர் சொன்ன விதத்தில் மைனி தன் கையை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டாள்.

“தினமும் ரெண்டு வேளையும் நடந்தாங்களே டாக்டர்” என்றாள் ஜெபராணி சிஸ்டர்.

சத்தியம் கால் வீக்கத்துக்கு மட்டும்தான். நடையை நான் சேர்க்கவில்லை. மைனி வாயைத் திறந்துவிட்டாள். “அவிய நடக்கல டாக்டர். நாந்தான் நடந்தேன். அவியளுக்காக.”

சிஸ்டர் ஜன்னலைப் பார்த்தாள். காலுறைக்குள் ஆரஞ்சுப் பழங்கள் தொங்கிக்கொண்டிருந்தன. ஒரு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.

ஸ்கேன் அறையில் தொடையிலிருந்து கணுக்கால்வரை ஜில்லென்று ஜெல்லியைத் தடவி, கருவியை வைத்து அழுத்தி அழுத்திப் பார்த்தார்கள். நல்ல ரத்தக்குழாய் அழுத்தினால் தட்டையாகிவிடுமாம். உள்ளே ரத்தம் கட்டியிருந்தால் ஆகாதாம். முட்டிக்குப் பின்னாலும் அதற்கு மேலும் என்னுடையது தட்டையாகவில்லை. பிடிவாதம் குடும்பச் சொத்து.

அதே நாள், சாயங்காலம்

டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்ததே எனக்குப் பயமாக இருந்தது. ஆபரேஷன், எடை, சுருண்ட நரம்பு, உட்கார்ந்தே பார்க்கும் வேலை, படுக்கை, குடிக்காத தண்ணீர் எல்லாம் சேர்ந்துகொண்டன என்றார். காலில் இருக்கும் கட்டி பிய்ந்து நுரையீரலுக்குப் போய் அடைத்தால், மூச்சு வாங்கும். சில பேருக்கு அவ்வளவு நேரம்கூட இருக்காது என்றார்.

“வீட்ல யாருக்கும் இப்படி வந்ததில்லையே?”

அம்மாவைப் பற்றிச் சொன்னேன். தம்பி பிறந்து பத்து நாளும் பாயைவிட்டு எழுந்திருக்க விடவில்லை. ஒரு கால் வீங்கியது. எண்ணெய் காய்ச்சி நீவினார்கள். பத்தாம் நாள் தலைக்குத் தண்ணீர் ஊற்றுவதற்காக எழுப்பி நிறுத்தினார்கள். ‘மூச்சு முட்டுது’ என்றாள், சரிந்துவிட்டாள். பிள்ளை பெற்றவளின் அழகைப் பார்த்து யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்று சொன்னார்கள். அப்போது எனக்கு ஒன்பது வயது. எதிர்வீட்டுக்காரிதான் கண் வைத்தாள் என்று நினைத்து, அவளோடு நான் பேசியதே இல்லை.

டாக்டர் அதைக் குறிப்பில் எழுதிக்கொண்டார். “அதுவும் இதுதானான்னு இப்ப உறுதியாச் சொல்ல முடியாது. ஆனா இத முதல்லயே சொல்லியிருக்கணும்மா” என்றார்.

மைனி அறையில் இல்லை. வராந்தாவில் அந்தத் தூணில் சாய்ந்துகொண்டு தன் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டிருந்தாளாம். சிஸ்டர் சொன்னாள்.

எனக்குப் பயமாக இருக்கிறது. இன்றைக்கு வேடிக்கையாக எழுத ஒன்றுமில்லை.

ஆகஸ்ட் 22, வியாழன்

வயிற்றில், தையலுக்கு எட்டத் தள்ளி, இரண்டு வேளை ஊசி. ரத்தம் மேலும் உறையாமல் தடுக்குமாம். பிறகு குறைந்தது மூன்று மாதம் மாத்திரை. பல் ஈறில் ரத்தம் வந்தாலோ, மூத்திரம் சிவந்தாலோ, மூச்சு வாங்கினாலோ உடனே சொல்ல வேண்டும். கடையில் தலைவலி மாத்திரையைத் தானாக வாங்கிப் போடக் கூடாது. எல்லாவற்றையும் மைனி தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அம்பாசமுத்திரம் பயணம் கிடையாது. மைனியோடு நான் பேசவில்லை. அவளும் பேசவில்லை. ஆனால் தம்ளர் காலியாகும்போதெல்லாம் நிரம்பிவிடுகிறது. குடித்தேனா என்று பார்க்கிறாள்.

ஆகஸ்ட் 23, வெள்ளி

இன்றைக்கு நடக்கலாம் என்றார் டாக்டர். “நீங்க நடக்கணும். இவங்க இல்ல” என்று மைனியைச் சுட்டிக் காட்டினார்.

நடந்தேன். மைனி ஓர் அடி பின்னால், தொடாமல், இரண்டு கையையும் விரித்துக்கொண்டு வந்தாள். பாதி வழியில் வலி தாங்காமல் நின்றேன்.

“ஏம் மைனி அப்படிச் செஞ்சிய?” என்றேன். இரண்டு நாளில் முதல் பேச்சு.

“எப்படிச் செஞ்சேன்?”

“ஞாயித்துக்கெழம நான் வந்து நின்னாத்தான அந்தக் கடையத்துக்காரி வாய அடைக்க முடியும். அது தெரிஞ்சும் போர்வைய உருவிட்டியள.”

மைனி என் முன்னால் வந்து நின்றாள். “வளையல யாரு போட்டா என்ன மைனி? அடுப்படியில நின்னு கெட்டிமேளம் கேட்டவ நான், அதே மாதிரி வளையல் சத்தத்தயும் கேட்டுட்டுப் போறேன். உங்க சத்தம் இல்லாம நான் யாருகூடச் சண்ட போட?”

மேற்கொண்டு நடந்தேன். தூணைத் தொட்டேன். சிஸ்டர் பார்க்காதபோது கும்பிட்டும் வைத்தேன்.

ஆகஸ்ட் 24, சனி

மைனி இன்று மதியம் ஊருக்குக் கிளம்பினாள். இரண்டு நாளைக்கு என் வீட்டுக்காரர் துணை. அவர் நாற்காலியில் உட்கார்ந்து என்னைவிட நன்றாகத் தூங்குகிறார்.

கோமதிக்கு என்று நான் வாங்கி வைத்திருந்த பச்சை வளையல் பெட்டியை மைனி கையில் கொடுத்தேன். “மொத வளையல் நீங்க போடுங்க” என்றேன்.

மிரண்டுவிட்டாள். “நானா? அந்தக் கூட்டத்துலயா?”

“நீங்களா போடல. மாமன் பெண்டாட்டி நான் போடுதேன். என்னால வர முடியல. அதனால எனக்காக நீங்க போடுதிய. யாராவது கேட்டா, மைனி தந்த பவருன்னு சொல்லுங்க. ஒத்துக்கலன்னா எனக்குப் போனப் போடுங்க. பவரு செல்லுமா செல்லாதான்னு நான் சொல்லுதேன்.”

“நடைக்குச் செல்லலியே மைனி” என்றாள்.

“நடைக்குச் செல்லாது. வளையலுக்குச் செல்லும். நான் எழுதாத பத்திரமா?”

பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனாள்.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

காலையில் வளைகாப்பு நேரத்துக்குச் சரியாக எழுந்து நடந்தேன். காலுறை போட்டிருந்தேன். ஆரஞ்சு வாசனை இன்னும் போகவில்லை. தூண்வரை போனேன், வந்தேன், மறுபடியும் போனேன். “போதும்மா, இன்னிக்கு யாருக்கும்மா இந்த நடை?” என்று ஜெபராணி சிஸ்டர் சிரித்தாள். போன் மடியிலேயே இருந்தது. அடிக்கவே இல்லை.

நாளைதான் வருவதாக இருந்தவள் சாயங்காலமே வந்துவிட்டாள். ஆளைப் பார்க்கும் முன்பே வராந்தாவில் சத்தம் கேட்டது. கலகல என்று கண்ணாடி வளையல் சத்தம். அறைக்குள் நுழையும்போது முந்தானையால் இரண்டு கையையும் மூடியிருந்தாள். தூக்குச்சட்டியைத் திறந்து எலுமிச்சைச் சாதம், தேங்காய்ச் சாதம், தயிர்ச் சாதம் என்று அடுக்கினாள். ஒவ்வொரு அசைவுக்கும் முந்தானைக்குள்ளிருந்து சத்தம்.

“போட்டியளா?” என்றேன்.

“போட்டேன். பவருன்னு சொன்னேன். அந்தக் கடையத்துக்காரி வாயத் தொறந்தா. கோமதி, ‘அத்தையோட பவரு, பெரியம்மா. செல்லாதுன்னா அத்தைக்குப் போனப் போடுங்க’ன்னு சொல்லிட்டா. அப்பொறம் எல்லாவளும் வரிசையில வந்து போட்டாளுவ.”

“அது சரி. இது என்ன சத்தம்?”

முந்தானையை விலக்கினாள். இரண்டு கையிலும் பச்சை வளையல்கள். ஆறு வருஷமாக மொட்டையாக இருந்த கை. “கோமதி போட்டுட்டா. கேக்க மாட்டேங்கா. எனக்கில்ல மைனி, உங்களுக்குள்ளதுதான். உங்களுக்காகத்தான் மாட்டிட்டு வந்தேன். இப்பக் கழட்டித் தந்துருதேன்” என்று அவசரமாக ஒரு வளையலைப் பிடித்தாள்.

“இருக்கட்டும் மைனி, கழட்டாதிய” என்றேன். “ஊசி போட்டுப் போட்டு என் கையும் வீங்கிட்டு. எனக்கு ஏறாது.”

மைனி என் கையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு எனக்குச் சோறு போட ஆரம்பித்தாள். வளையல் சத்தம் நிற்கவே இல்லை.

என் கை ஒன்றும் வீங்கவில்லை. டாக்டர் கேட்டால் அவரிடம் மட்டும் உண்மையைச் சொல்லிவிடுவேன்.